லினக்ஸ் லேப்டாப்பில் யுஎஸ்பி மானிட்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லேப்டாப்புக்குப் பக்கத்தில் இன்னொரு திரை இருந்தால் வேலை எவ்வளவு சுலபமாகிறது என்பது பழகியவர்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் கோட், இன்னொரு பக்கம் அதன் வெளியீடு. ஒரு பக்கம் மூல நூல், இன்னொரு பக்கம் மொழிபெயர்ப்பு. ஒரே கேபிளில் ஓடும் யுஎஸ்பி மானிட்டர்கள் இப்போது எங்கும் கிடைக்கின்றன. ஆனால் பெட்டியில் விண்டோஸ், மேக் என்று மட்டும் அச்சிட்டிருக்கும். லினக்ஸ்காரர்கள் வாங்கி வந்து செருகிப் பார்த்துவிட்டு, "கறுப்பாகவே இருக்கிறது" என்று கேட்பார்கள். அப்படி என்னிடம் வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை.

கட்டளைகளை உச்சரிப்பின்படி தமிழிலேயே எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அடிக்கும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடியுங்கள்.

மானிட்டரில் விளக்கு எரிகிறது, படம் வரவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

விளக்கு எரிந்தால் மின்சாரம் வருகிறது என்று மட்டும்தான் அர்த்தம். படம் எந்த வழியாக வர வேண்டும் என்பதுதான் முதல் கேள்வி. 'யுஎஸ்பி மானிட்டர்' என்ற ஒரே பெயரில் முற்றிலும் வேறான இரண்டு பொருள்களை விற்கிறார்கள்.

முதல் வகையில் படம் லேப்டாப்பின் கிராஃபிக்ஸ் சிப்பிலிருந்தே வருகிறது. டைப்-சி கேபிளுக்குள் இருக்கும் கம்பிகளில் சிலவற்றை டிஸ்ப்ளேபோர்ட் சிக்னலுக்கு ஒதுக்கிவிடுவார்கள். இதன் பெயர் டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட். லினக்ஸைப் பொறுத்தவரை இது எச்டிஎம்ஐ கேபிள் செருகியதைப் போலத்தான். தனி டிரைவர் எதுவும் வேண்டாம்.

இரண்டாவது வகையில் கிராஃபிக்ஸ் சிப்பின் வெளியீட்டுக் கம்பி மானிட்டர் வரை போவதே இல்லை. லேப்டாப்பின் சிபியு ஒவ்வொரு படத்தையும் சுருக்கி, பென் டிரைவுக்குக் கோப்பு அனுப்புவதைப் போல யுஎஸ்பி வழியே தரவாக அனுப்புகிறது. மானிட்டருக்குள் இருக்கும் ஒரு சிப் அதை விரித்துத் திரையில் காட்டுகிறது. இந்தச் சிப்புகளில் பெரும்பாலானவை டிஸ்ப்ளேலிங்க் என்ற பெயரில் வருபவை. இதற்கு டிரைவர் கட்டாயம் வேண்டும்.

ஒன்றுக்கான மருந்து மற்றதற்கு வேலை செய்யாது. ஆல்ட் மோட் மானிட்டரை வைத்துக்கொண்டு டிஸ்ப்ளேலிங்க் டிரைவரோடு இரண்டு நாள் போராடியவர்களைப் பார்த்திருக்கிறேன். தப்பு கேபிளில் இருந்தது.

என்னுடையது எந்த வகை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மானிட்டரைச் செருகாமல் 'எல்எஸ்யுஎஸ்பி' கட்டளையை ஒருமுறை ஓட்டுங்கள். பிறகு செருகிவிட்டு இன்னொரு முறை ஓட்டுங்கள். புதிதாக ஒரு வரி வந்து அதில் டிஸ்ப்ளேலிங்க் என்ற பெயர் இருந்தால் இரண்டாம் வகை. சில நேரம் பெயருக்குப் பதில் மானிட்டர் கம்பெனியின் பெயர் இருக்கும். அப்போது எண்ணைப் பாருங்கள்: 17இ9 என்று தொடங்கினால் அது டிஸ்ப்ளேலிங்க்தான். நடுவில் இருப்பது ஆங்கிலத்தின் ஐந்தாவது எழுத்து.

புதிய வரி எதுவும் வரவில்லை என்றால் பெரும்பாலும் முதல் வகை. 'பில்போர்டு' என்ற பெயரில் ஒரு வரி வந்திருந்தால் கவனியுங்கள். ஆல்ட் மோட் பேச்சுவார்த்தை நடந்து தோற்றுவிட்டது என்று அந்தச் சாதனம் உங்களுக்குச் சொல்கிறது. போர்ட்டையும் கேபிளையும் சந்தேகப்படலாம்.

இன்னொரு எளிய அடையாளம்: லேப்டாப் பக்கம் செருகுவது பழைய அகலமான டைப்-ஏ முனை என்றால், அது ஒருபோதும் ஆல்ட் மோட் ஆக முடியாது. அந்த முனையில் அதற்கான கம்பிகளே இல்லை. இரண்டு வழியிலும் ஓடும் மானிட்டர்களும் உண்டு. ஆசுஸ் ஜென்ஸ்கிரீன் எம்பி16ஏசி அப்படி ஒன்று. டைப்-சியில் செருகினால் ஆல்ட் மோட், கூட வரும் டைப்-ஏ மாற்றியோடு செருகினால் டிஸ்ப்ளேலிங்க்.

லேப்டாப்பில் எச்டிஎம்ஐ துளை இருக்கிறது. அதைப் பயன்படுத்தலாமா?

தாராளமாக. மானிட்டரில் மினி எச்டிஎம்ஐ உள்ளீடு இருந்தால் படத்துக்கு அதையும் மின்சாரத்துக்கு மட்டும் யுஎஸ்பியையும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கேபிள் ஆகும், அவ்வளவுதான். கீழே இருக்கும் கேள்விகளில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது.

டைப்-சி துளை இருக்கிறது, ஆல்ட் மோட் மானிட்டர்தான். ஆனாலும் படம் வரவில்லையே?

மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும்.

முதலில் துளை. எல்லா டைப்-சி துளையும் படம் தராது. சார்ஜுக்கும் தரவுக்கும் மட்டுமான துளைகள் நிறைய உண்டு, விலை குறைந்த லேப்டாப்புகளில் குறிப்பாக. துளைக்குப் பக்கத்தில் டி, பி எழுத்துகள் பின்னியது போன்ற டிஸ்ப்ளேபோர்ட் சின்னமோ, தண்டர்போல்ட் என்ற அதிவேக இணைப்பின் மின்னல் சின்னமோ இருந்தால் நல்லது. சின்னம் இல்லை என்பதாலேயே வசதி இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. லேப்டாப்பின் மாடல் எண்ணை வைத்து விவரப் பட்டியலைப் பார்த்துவிடுங்கள். துளையில் வசதி இல்லை என்றால் எந்த மென்பொருளாலும் அதைக் கொண்டுவர முடியாது.

அடுத்தது கேபிள். என் அனுபவத்தில் அதிகம் ஏமாற்றுவது இதுதான். போனோடு வரும் டைப்-சி கேபிளை எடுத்துச் செருகுவோம். இரண்டு முனையும் கச்சிதமாகப் பொருந்தும், மானிட்டரும் உயிர் பெறும், 'நோ சிக்னல்' என்று எழுத்து வந்து அணைந்துவிடும். அந்தக் கேபிளுக்குள் மின்சாரத்துக்கான கம்பிகளும் யுஎஸ்பி 2.0 கம்பிகளும் மட்டுமே இருக்கும். படம் போக வேண்டிய வேகக் கம்பி இணைகள் உள்ளே கிடையாது. மானிட்டரோடு வந்த கேபிளைத் தேடி எடுங்கள். கையில் பிடித்தாலே தெரியும். அது தடிமனாக, வளைய மறுப்பதாக, பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள் இருக்கும். கிடைத்ததும் அதன் முனையில் ஒரு துண்டு டேப் ஒட்டி 'மானிட்டர்' என்று எழுதி வையுங்கள். வீட்டில் யாராவது போன் சார்ஜ் போட எடுத்துப் போய்விட்டால் அடுத்த வாரம் இதே கேள்வியோடு திரும்பி வருவீர்கள்.

மூன்றாவது, லினக்ஸ் என்ன பார்க்கிறது என்பது. '/சிஸ்/கிளாஸ்/டைப்சி' என்ற அடைவுக்குள் போய்ப் பாருங்கள். செருகியிருக்கும் துளையின் பெயரோடு 'பார்ட்னர்' என்று ஓர் அடைவு வந்திருக்கும். அதற்குள் எஸ்விஐடி என்ற கோப்பில் எஃப்எஃப்01 என்று இருந்தால், எதிர்முனையில் இருப்பது டிஸ்ப்ளேபோர்ட் பேசும் சாதனம் என்று லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்குத் தெரிந்திருக்கிறது. சில லேப்டாப்புகளில் இந்த அடைவு காலியாகவே இருக்கும். ஃபர்ம்வேரே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு லினக்ஸுக்குச் சொல்லாமல் விட்டுவிடும். அதனால் காலியாக இருப்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வர வேண்டாம்.

பயாஸ் புதுப்பிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். டைப்-சி சம்பந்தமான கோளாறுகள் பல அதில்தான் தீர்கின்றன. தண்டர்போல்ட் டாக் (பல துளைகள் கொண்ட இணைப்புப் பெட்டி) வழியாக இணைக்கிறீர்கள் என்றால், 'போல்ட்சிடிஎல்' கட்டளையிலோ க்னோம் அமைப்புகளின் தனியுரிமைப் பகுதியிலோ அந்த டாக்குக்கு அனுமதி கொடுக்க வேண்டியிருக்கலாம்.

படம் வருகிறது, ஆனால் வெளிச்சத்தைக் கூட்டினால் அணைந்து அணைந்து எரிகிறது.

மின்சாரம் போதவில்லை. யுஎஸ்பி 2.0 துளை தருவது 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர், அதாவது 2.5 வாட். யுஎஸ்பி 3.0 துளை 900 மில்லி ஆம்பியர், 4.5 வாட். டைப்-சி துளை அதிகபட்சம் 5 வோல்ட்டில் 3 ஆம்பியர் வரை தரலாம், ஆனால் எல்லாத் துளையும் அவ்வளவு தருவதில்லை. 15 அங்குலத் திரை முழு வெளிச்சத்தில் 4.5 வாட்டைச் சுலபமாகத் தாண்டிவிடும்.

மானிட்டரில் இன்னொரு டைப்-சி துளை இருந்தால் அதில் போன் சார்ஜரைச் செருகுங்கள். பழைய மானிட்டர்களோடு ஒரு பக்கம் இரண்டு தலை கொண்ட கேபிள் வரும். இரண்டு தலையையும் செருக வேண்டும். மின்சாரம் இல்லாத மலிவு ஹப்பில் மட்டும் மானிட்டரைத் தொங்கவிடாதீர்கள்.

டிஸ்ப்ளேலிங்குக்கு மட்டும் ஏன் தனி டிரைவர்? லினக்ஸிலேயே ஏன் இல்லை?

கொஞ்சம் கணக்குப் போட்டால் புரியும். 1920×1080 திரையில் 20,73,600 புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் 24 பிட், விநாடிக்கு 60 முறை என்றால் கிட்டத்தட்ட 3 கிகாபிட் ஆகிறது. யுஎஸ்பி 2.0-இன் மொத்த வேகமே விநாடிக்கு 480 மெகாபிட்தான், அதாவது தேவையில் ஆறில் ஒரு பங்கு. அதனால் மாறிய பகுதியை மட்டும் எடுத்து, சுருக்கி அனுப்ப வேண்டும். அந்தச் சுருக்கும் முறைதான் டிஸ்ப்ளேலிங்கின் தொழில் ரகசியம்.

யுஎஸ்பி 2.0 காலத்துச் சிப்புகளுக்கு இந்த ரகசியம் தடையாக இல்லை. 2009-இல் அந்தக் கம்பெனியே ஒரு திறந்த மூல நூலகத்தை வெளியிட்டது. மீதியைத் தன்னார்வலர்கள் தோண்டிக் கண்டுபிடித்தார்கள். 2012-இல் வந்த லினக்ஸ் 3.4 கர்னலில் 'யுடிஎல்' என்ற டிரைவர் உள்ளேயே சேர்ந்துவிட்டது. அதனால் லெனோவோ எல்டி1421, ஏஓசி இ1649எஃப்டபிள்யூயு போன்ற 1366×768 பழைய மானிட்டர்களுக்கு நீங்கள் எதையும் நிறுவ வேண்டாம். செருகினாலே கர்னல் அடையாளம் கண்டுகொள்ளும். பழைய மானிட்டர் யாராவது கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

யுஎஸ்பி 3.0 சிப்புகள் வந்தபோது கதை மாறியது. போக்குவரத்து மறைகுறியாக்கப்பட்டது, திறந்த மூல டிரைவர் எழுத வழியில்லாமல் போனது. 2015-இல்தான் உபுண்டுவுக்கு என்று கம்பெனியே ஒரு டிரைவர் கொடுத்தது. அது இரண்டு பாகம் கொண்டது. 'இவிடிஐ' என்ற கர்னல் மாட்யூல் திறந்த மூலம். லினக்ஸுக்கு ஒரு பொய்யான திரையைக் காட்டி, அதில் வரையப்படும் படத்தைப் பிடித்துக் கொடுப்பது அதன் வேலை. பிடித்த படத்தைச் சுருக்கி அனுப்பும் 'டிஸ்ப்ளேலிங்க் மேனேஜர்' என்ற நிரல் மூடிய மூலம். 2020-இல் சினாப்டிக்ஸ் இந்தக் கம்பெனியை வாங்கியது. டிரைவர் இப்போது சினாப்டிக்ஸ் தளத்தில்தான் கிடைக்கிறது.

இந்த இரண்டு பாகத்தையும் மனதில் வைத்துக்கொண்டால் எந்தக் கோளாறு எங்கே என்று பிரித்துப் பார்க்கலாம்.

சரி, எப்படி நிறுவுவது?

உபுண்டுவில் சினாப்டிக்ஸ் தரும் ஏபிடி களஞ்சியம் வழியாக நிறுவுவதுதான் நல்லது. அவர்கள் தளத்தில் ஒரு சிறிய டெப் கோப்பு இருக்கும். அதை நிறுவினால் களஞ்சியம் சேர்ந்துவிடும். அப்புறம் 'ஏபிடி அப்டேட்' ஓட்டிவிட்டு, டிஸ்ப்ளேலிங்க்-டிரைவர் என்ற பொதியை நிறுவுங்கள். பிறகு வரும் புதுப்பிப்புகள் மற்ற மென்பொருள்களோடு சேர்ந்தே வரும்.

நிறுவுவதற்கு முன் ஒன்றைச் சரிபாருங்கள். இவிடிஐ உங்கள் கணினியிலேயே தொகுக்கப்படுகிறது. அதற்கு, கர்னல் மாறும்போதெல்லாம் மாட்யூலை மறுபடி தொகுக்கும் டிகேஎம்எஸ் பொதியும், ஓடிக்கொண்டிருக்கும் கர்னலுக்கான ஹெடர் பொதியும் வேண்டும். ஹெடர் இல்லாமல் போவதுதான் பலருக்கும் முதல் தடங்கல்.

டெபியன், ஃபெடோரா பயனர்களுக்குச் சமூகத்தவர் பராமரிக்கும் நிறுவல் நிரல்களும் ஆர்பிஎம் பொதிகளும் உள்ளன. ஆர்ச்சில் பயனர்களே பராமரிக்கும் ஏயுஆர் களஞ்சியம் வழியாகக் கிடைக்கும். ஆர்ச்சில் நிறுவியபின் டிஸ்ப்ளேலிங்க் சேவையை 'சிஸ்டம்சிடிஎல் எனேபிள்' கொடுத்து நீங்களே இயக்கி வைக்க வேண்டும். இதை மறந்துவிடுகிறார்கள்.

நிறுவல் பிழையில்லாமல் முடிந்தது. ஆனாலும் திரை கறுப்பு.

முறையான கையெழுத்து இல்லாத மென்பொருள் தொடக்கத்தில் ஏறாமல் தடுக்கும் செக்யூர் பூட் இயங்குகிறதா என்று 'மோக்யூடில் --எஸ்பி-ஸ்டேட்' கட்டளையில் பாருங்கள். இயங்கினால், உங்கள் கணினியில் தொகுத்த இவிடிஐ மாட்யூலில் கையெழுத்து சரியாக இல்லை என்று கர்னல் அதை ஏற்க மறுக்கும். 'மோட்ப்ரோப் இவிடிஐ' ஓட்டிப் பார்த்தால் 'கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்' என்று பதில் வரும்.

இதற்கு உபுண்டு ஒரு வழி வைத்திருக்கிறது. நிறுவும்போதே ஒரு கடவுச்சொல் கேட்கும். கொடுத்துவிட்டு மறுதொடக்கம் செய்தால் நீலத் திரை ஒன்று வரும். 'ஏதாவது ஒரு விசையை அழுத்துங்கள்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும், கீழே 10-இலிருந்து எண் குறைந்துகொண்டே போகும். அந்தப் பத்து விநாடிக்குள் அழுத்தாவிட்டால் அது வழக்கம்போல உபுண்டுவுக்குள் போய்விடும், மறுபடி கேட்காது. மறுதொடக்கம் ஆகும் நேரத்தில் டீ போட எழுந்து போகிறவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள். உட்கார்ந்திருங்கள். விசையை அழுத்தியதும் வரும் பட்டியலில் 'என்ரோல் மோக்', பிறகு 'கன்டினியூ', பிறகு 'யெஸ்', அதே கடவுச்சொல், கடைசியில் 'ரீபூட்'. அந்தத் திரையில் விசைப்பலகை அமெரிக்க அமைப்பில்தான் இருக்கும். கடவுச்சொல்லை எளிய எழுத்துகளிலேயே வைத்திருந்தால் தொந்தரவில்லை.

தவறவிட்டிருந்தால், '/வார்/லிப்/ஷிம்-சைன்ட்/மோக்' அடைவில் உள்ள டிஇஆர் கோப்பை 'மோக்யூடில் --இம்போர்ட்' கட்டளைக்குக் கொடுங்கள். புதுக் கடவுச்சொல் கேட்கும். மறுதொடக்கம் செய்தால் அதே நீலத் திரை வரும்.

செக்யூர் பூட்டை அணைத்துவிட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். வேலை நடக்கும்தான். ஐந்து நிமிடத்தில் முறையாகச் செய்யக்கூடிய ஒன்றுக்காக ஒரு பாதுகாப்பைக் கழற்றிப் போட எனக்கு மனசில்லை.

நேற்று வரை ஓடியது. இன்று அப்டேட் போட்டதும் போய்விட்டது.

கர்னல் மாறியிருக்கும். புதுக் கர்னலுக்கு இவிடிஐயை மறுபடி தொகுக்க டிகேஎம்எஸ் முயன்று, முடியாமல் நின்றிருக்கும். 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' கட்டளையில் உங்கள் இப்போதைய கர்னல் எண்ணுக்கு எதிரே 'இன்ஸ்டால்ட்' என்று இல்லையென்றால் இதுதான் காரணம்.

இப்போதைக்கு வேலை நடக்க வேண்டும் என்றால், கணினியை மறுபடி தொடங்கி, தொடக்கத் தேர்வுப் பட்டியலான க்ரப்பில் 'அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்' போய் முந்தைய கர்னலைத் தேர்ந்தெடுங்கள். மானிட்டர் வந்துவிடும். பிறகு ஆறுதலாக இவிடிஐயின் புதுப் பதிப்பு வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

டிஸ்ப்ளேலிங்கை நம்பிப் பிழைப்பு நடத்துகிறவர்களுக்கு நான் சொல்வது: நீண்ட கால ஆதரவு உள்ள உபுண்டு எல்டிஎஸ் பதிப்பை வைத்திருங்கள், அதிலும் பதிப்போடு வந்த ஆரம்பக் கர்னல் வரிசையிலேயே இருங்கள். 22.04-க்கு அது 5.15, 24.04-க்கு 6.8. எச்டபிள்யூஇ என்ற புதுக் கர்னல் வரிசை புது வன்பொருளுக்கு நல்லது. ஆனால் அது தாவும் ஒவ்வொரு முறையும் இவிடிஐயும் கூடவே தாவ வேண்டியிருக்கிறது. நாளை காலை ஒரு முக்கியமான வேலை இருக்கிறது என்றால் இன்று இரவு அப்டேட் போடாதீர்கள்.

டிரைவர் சரி, சேவையும் ஓடுகிறது. காட்சி அமைப்புகளில் மட்டும் இரண்டாவது திரை தெரியவில்லை.

லினக்ஸில் திரையை நிர்வகிக்கும் முறைகள் இரண்டு: பழைய எக்ஸ்.ஆர்க், புதிய வேலண்ட். எக்ஸ்.ஆர்க் அமர்வில் இருக்கிறீர்கள் என்றால் 'எக்ஸ்ராண்டர் --லிஸ்ட்ப்ரொவைடர்ஸ்' ஓட்டுங்கள். இரண்டு வழங்குநர்கள் தெரிய வேண்டும். 0 உங்கள் கிராஃபிக்ஸ் சிப், 1 இவிடிஐ. இரண்டும் இருந்து திரை வரவில்லை என்றால் 'எக்ஸ்ராண்டர் --செட்ப்ரொவைடர்அவுட்புட்சோர்ஸ் 1 0' என்று கொடுத்து இரண்டையும் இணைத்துவிடுங்கள். உடனே திரை பட்டியலில் ஏறிவிடும். பழைய யுடிஎல் மானிட்டர்களுக்கும் இதே வைத்தியம்தான்.

வேலண்ட் அமர்வில் எக்ஸ்ராண்டர் காட்டுவதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அது நிஜத் திரைகளைப் பார்ப்பதில்லை. க்னோம் அல்லது கேடிஇ அமைப்புகளுக்குள் பாருங்கள். அங்கும் இல்லையென்றால், வெளியேறிவிட்டு, உள்நுழையும் இடத்தில் எக்ஸ்.ஆர்க் அமர்வு இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்து ஒருமுறை பாருங்கள். அதில் வந்து இதில் வராவிட்டால் கோளாறு மானிட்டரில் இல்லை என்பதாவது உறுதியாகும்.

என்விடியா சிப் உள்ள லேப்டாப் என்றால், திரையை வரையும் வேலையை இன்டெல் அல்லது ஏஎம்டியின் உள்சிப்புக்கே விட்டுவிட்டு முயலுங்கள். சில கேமிங் லேப்டாப்புகளில் டைப்-சி துளையே என்விடியா சிப்போடுதான் இணைந்திருக்கும். அங்கே ஆல்ட் மோட் வர என்விடியா டிரைவர் சரியாக ஏறியிருக்க வேண்டும்.

விசிறி சத்தம் போடுகிறது, வீடியோ விட்டு விட்டு ஓடுகிறது.

டிஸ்ப்ளேலிங்கில் இது இயல்பு. சிபியுதான் சுருக்குகிறது. எழுத்து, கோட், பிடிஎஃப், விரிதாள் போன்றவற்றில் திரை அதிகம் மாறாது, அதனால் சுமை குறைவு. முழுத்திரை வீடியோவில் ஒவ்வொரு புள்ளியும் மாறிக்கொண்டே இருக்கும். வீடியோவை லேப்டாப் திரையிலும் எழுத்தை யுஎஸ்பி திரையிலும் வைத்துக்கொள்ளுங்கள். விளையாட்டுக்கு இது ஆகாது.

'எல்எஸ்யுஎஸ்பி -டி' ஓட்டி, மானிட்டருக்கு எதிரே 480எம் என்றிருக்கிறதா 5000எம் என்றிருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த 'டி' ஆங்கிலத்தின் இருபதாவது எழுத்து, சின்ன எழுத்தாக. 480 என்றால் யுஎஸ்பி 2.0 துளையில் செருகியிருக்கிறீர்கள், அல்லது கேபிள் பழையது. துளையை மாற்றினாலே வித்தியாசம் தெரியும்.

லேப்டாப் திரை உடைந்துவிட்டது. அதற்குப் பதிலாக யுஎஸ்பி மானிட்டரையே வைத்துக்கொள்ளலாமா?

ஆல்ட் மோட் அல்லது எச்டிஎம்ஐ என்றால் பெரும்பாலும் முடியும். பயாஸ் திரை முதலே படம் வந்துவிடும். டிஸ்ப்ளேலிங்க் என்றால் வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

என் அக்கா மகளின் லேப்டாப் கட்டிலிலிருந்து விழுந்து திரை நொறுங்கியது. செமஸ்டர் நேரம். அவசரத்தில் ஒரு டிஸ்ப்ளேலிங்க் மானிட்டர் வாங்கி வந்துவிட்டாள். டிரைவர் நிறுவவே ஒரு திரை வேண்டுமே! பக்கத்து வீட்டு டிவியில் எச்டிஎம்ஐ கேபிளைச் செருகி, வரவேற்பறைத் தரையில் உட்கார்ந்து நிறுவினோம். மறுபடி தொடங்கினால் யுஎஸ்பி மானிட்டர் கறுப்பு. அவள் வட்டை மறைகுறியாக்கி வைத்திருந்தாள். கணினி கடவுச்சொல்லுக்காகக் காத்திருந்தது, கேட்பதைக் காட்ட வழியில்லை. டிஸ்ப்ளேலிங்க் மேனேஜர் அந்த வட்டுக்குள்ளேதான் இருக்கிறது. வட்டு திறக்காமல் அது எழுந்திருக்க முடியாது.

கேப்ஸ் லாக்கை அழுத்தி அதன் விளக்கு மாறுகிறதா என்று பார்த்து, விசைப்பலகைக்கு உயிர் இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு, கண்ணை மூடியது போலக் கடவுச்சொல்லை அடித்தாள். கொஞ்ச நேரத்தில் மானிட்டரில் ஊதா நிறப் பின்னணி மட்டும் வந்தது. உள்நுழையும் பெட்டி உடைந்த திரையில் தோன்றியிருந்தது! லினக்ஸைப் பொறுத்தவரை அந்தத் திரை இன்னும் இணைப்பில்தான் இருக்கிறது. க்ரப்பின் கர்னல் வரியில் 'வீடியோ=இடிபி-1:டி' என்று சேர்த்து உள்திரையை அணைத்தபிறகுதான் பெட்டி இந்தப் பக்கம் வந்தது. அந்த வரியில் 'டிபி' மட்டும் பெரிய எழுத்து. கடைசி 'டி' ஆங்கிலத்தின் நான்காவது எழுத்து.

அந்தச் செமஸ்டரை அவள் அப்படியே ஓட்டினாள், ஒவ்வொரு நாளும் முதல் கடவுச்சொல்லைக் குருட்டாம்போக்கில் அடித்துக்கொண்டு. விடுமுறையில் திரையை மாற்றினோம். உடைந்த திரைக்கு மாற்றாக டிஸ்ப்ளேலிங்கை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

லேப்டாப் தூங்கி எழுந்தால் மானிட்டர் திரும்ப வருவதில்லை.

கேபிளைப் பிடுங்கி ஐந்து விநாடி கழித்துச் செருகுங்கள். வராவிட்டால் 'சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட்' கொடுத்து டிஸ்ப்ளேலிங்க் சேவையை எழுப்புங்கள். பேட்டரியைச் சேமிக்க டிஎல்பி நிறுவியிருந்தால், அதன் யுஎஸ்பி விலக்குப் பட்டியலில் மானிட்டரின் எண்ணைச் சேர்த்துவிடுங்கள்.

யுஎஸ்பி-எச்டிஎம்ஐ மாற்றி மலிவாகக் கிடைக்கிறதே?

கவனம். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பொருள்கள் உண்டு. பென் டிரைவ் அளவில், ஒரு முனையில் யுஎஸ்பியும் மறுமுனையில் எச்டிஎம்ஐ துளையுமாக இருக்கும் கறுப்புத் துண்டு பெரும்பாலும் 'வீடியோ கேப்சர்' சாதனம். அது கேமராவிலிருந்து படத்தை லேப்டாப்புக்குள் கொண்டுவரும். வெளியே அனுப்பாது. செருகிப் பார்த்து, வெப்கேம் பட்டியலில் புதிதாக ஒரு கேமரா வந்தால் அதுதான் இது. திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நிஜமாகவே படத்தை வெளியே அனுப்பும் மலிவு மாற்றிகளில் வேறு கம்பெனிகளின் சிப்புகள் இருக்கும். சிலவற்றுக்குத் தன்னார்வலர்கள் எழுதிய டிரைவர்கள் உண்டு. கர்னல் மாறும்போது அவை டிஸ்ப்ளேலிங்கைவிட அதிகமாகப் படுத்தும். சிப்பின் பெயரை விற்பவர் சொல்லாவிட்டால் வாங்காதீர்கள்.

அரசு தந்த விலையில்லா மடிக்கணினியில் ஓடுமா?

ஆரம்ப ஆண்டுகளில் தமிழக அரசு தந்தவற்றில் டைப்-ஏ துளைகள்தான், ஆகவே ஆல்ட் மோட் இல்லை. அவற்றில் பல, விண்டோஸோடு இந்தியாவில் உருவான பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தவை. அந்தப் பழைய பாஸ் பதிப்பில் டிரைவரோடு போராட வேண்டாம். இப்போதைய டெபியனைப் போட்டுக்கொள்ளுங்கள். அதற்கும் முன்னால், பக்கவாட்டில் எச்டிஎம்ஐ அல்லது விஜிஏ துளை இருக்கிறதா என்று பாருங்கள். பழைய விஜிஏ மானிட்டர் ஒன்று செகண்ட் ஹேண்டில் கிடைத்தால் மாணவருக்கு அதுவே போதும்.

4கே மானிட்டர், 30 ஹெர்ட்ஸுக்கு மேல் போகவில்லை.

நடுவில் ஒரு டைப்-சி ஹப் இருக்கிறதா? ஹப் பாதிக் கம்பிகளை யுஎஸ்பி தரவுக்கு எடுத்துக்கொள்ளும். பல லேப்டாப்புகளில் மீதி இரண்டு தடங்களில் (வேகக் கம்பி இணைகளில்) சுமார் 8.6 கிகாபிட்தான் போகும். 4கே 60 ஹெர்ட்ஸுக்கு 12 கிகாபிட் வேண்டும். நேரடியாகச் செருகினால் நான்கு தடமும் கிடைக்கும்.

மூடிய மூலம் எனக்கு வேண்டாம். முழுக்கத் திறந்த வழி இல்லையா?

இருக்கிறது. இந்தக் கேள்வியைக் கேட்பவர்களைப் பார்த்தால் எனக்கு மகிழ்ச்சி. இன்டெல், ஏஎம்டி சிப்புகளில் ஆல்ட் மோட் டிரைவர் முழுக்கத் திறந்த மூலம். யுடிஎல் மானிட்டர்களும் அப்படியே.

இன்னொன்றும் உண்டு. 2021-இல் வந்த லினக்ஸ் 5.13 கர்னலில் 'ஜியுடி' என்ற டிரைவர் சேர்ந்தது. யுஎஸ்பி வழியே படம் அனுப்புவதற்கு ஒரு பொது நெறிமுறையை வகுத்து, எந்தக் கம்பெனியின் ரகசியமும் இல்லாமல் எழுதியிருக்கிறார்கள். எதிர்முனையில் ராஸ்பெர்ரி பை ஜீரோ போன்ற ஒரு சின்னப் பலகையை வைத்து, அதன் எச்டிஎம்ஐ துளையில் ஏதாவது ஒரு மானிட்டரை மாட்டினால், அதுவே ஒரு யுஎஸ்பி திரை ஆகிவிடுகிறது. வேகம் யுஎஸ்பி 2.0 அளவுதான். மாறிய பகுதியை மட்டும் சுருக்கி அனுப்புவதால், எழுத்து வேலைக்குத் தாங்கும். உங்கள் கர்னலில் இது இருக்கிறதா என்று அறிய 'மோட்இன்ஃபோ ஜியுடி' என்று அடித்துப் பாருங்கள். விவரம் வந்தால், லேப்டாப் பக்கம் நிறுவ வேண்டியது எதுவும் இல்லை.